தேடிப் பார்த்தும் கிடைக்காத விவாகரத்து

ஒழுங்கில்லாதவர்கள் பிழை விட்டால் பாதி வழியில் அவர்களுக்கே சந்தேகம் வந்து நிறுத்திவிடுவார்கள். ஒழுங்கானவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பிழையைத் தெளிவான கையெழுத்தில் எழுதி, கீழே கையொப்பம் இட்டு, முத்திரை குத்துவித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவோம். (எங்கள் வீட்டில் அது இன்றும் சுவரில் தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். வெய்யிலா பனியா, யார் வந்தார், எது பழுதானது எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக் கடதாசிகள் நிறம் பிரித்துக் கோப்புகளில் அடுக்கியிருக்கும். பிரெஞ்சு பேசும் இந்த நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் சனத்துக்கு ஏதாவது பத்திரச் சிக்கல் வந்தால், "பத்மா அக்காவைக் கேளுங்கோ" என்பார்கள். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

2006ஆம் ஆண்டு கோடை. என் தம்பி ஜெயந்தனுக்கு இரண்டாம் கலியாணம் சரிவந்தது. முதல் கலியாணம் விவாகரத்தில் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அதை வெளியில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. புதுப் பெண் பக்கத்து ஊரான புரோசார்ட்டில் இருந்தாள். நல்ல பிள்ளை. கோயிலில் நாளும் வைத்தாயிற்று. கலியாணத்தைப் பதிவு செய்ய ஒத்துக்கொண்ட நொத்தாரிசு மட்டும் ஒன்று கேட்டார்: முதல் கலியாணம் முடிந்ததற்கான நீதிமன்றச் சான்றிதழ். அது அந்த வாரம் முடியமுன் கைக்கு வராவிட்டால் கலியாண அறிவித்தலையே ஒட்ட ஏலாது, குறித்த நாளை மறந்துவிடுங்கள் என்றார்.

தம்பியிடம் சான்றிதழ் இல்லை. நிலவறைக்குள் தண்ணீர் வந்தபோது பெட்டியோடு போய்விட்டதாம். வழக்கு இலக்கமும் தெரியாது. அவன் பாரவண்டி ஓட்டுகிறவன். அப்போது அமெரிக்காவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தான். தொலைபேசியில் அழுவான் போல் இருந்தது.

"அக்கா, கலியாண நாளை மாத்தச் சொன்னால் பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? ஏற்கனவே ஒருக்கா முறிஞ்சவன் எண்டுதானே பாக்கினம்."

"நீ வண்டியை ஓட்டு. கடதாசியை நான் எடுத்துத் தாறன்," என்றேன். அவன் போன மாதமே ஒப்பமிட்டுத் தந்திருந்த அதிகாரக் கடிதம் என் பச்சைக் கோப்பில் இருந்தது. பிறகென்ன?

மறுநாள் காலை என் கணவர் சிவநேசன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய நகரப் பக்கம் இருக்கும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பது, விவாகரத்துக் கிடைப்பதைவிடக் கடினம். நான் இறங்கி உள்ளே போக, அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியேறியோருக்கான வகுப்பில் நான்தான் முதல் ஆள். ஆசிரியை என் கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். ஆகவே கைப்பையில் ஒரு சின்ன அகராதியும் மனதில் பெரிய நம்பிக்கையும் இருந்தன.

விண்ணப்பப் படிவத்தில் முதல் கட்டம்: டெமாந்தெரெஸ். எனக்கு அகராதியே தேவைப்படவில்லை. 'டெமாந்தே' என்றால் கேட்பது. ஆகவே இது கேட்பவள். கேட்பவள் நான். என் பெயரை முத்து முத்தாக எழுதினேன்.

இரண்டாவது கட்டம்: டெஃபாந்தெர். அகராதியைப் பிரித்தேன். 'டெஃபாந்த்ர்' என்றால் பாதுகாத்தல். ஆக, பாதுகாப்பவர். குடிவரவுப் படிவங்களில் பொறுப்பு நிற்பவர் என்று ஒருவரைக் கேட்பார்களே, அதுபோல ஏதோ ஒன்று என்று விளங்கிக்கொண்டேன். கணவரின் பெயரை எழுதினேன். (எழுதும்போதே சிரிப்பு வந்தது. எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் என்னைப் பாதுகாக்க வேண்டி வந்தது ஒரே ஒரு தரம், குப்பைத் தொட்டிக்குள் இருந்து பூனையளவு ரக்கூன் ஒன்று பாய்ந்தபோது. கதவை உடனே பூட்டினார். நான் வெளியே நின்றேன்.)

வாதி, பிரதிவாதி என்று ஊரில் இரண்டு சொற்கள் இருப்பது அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை.

விவாகரத்துச் செய்த ஆட்களின் பெயருக்கு இடமே இல்லாதது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கீழே 'அலுவலகப் பாவனைக்கு' என்று ஒரு பெட்டி இருந்தது. அதை அவர்களே கேட்டு நிரப்புவார்கள் என்று தீர்மானித்தேன். தம்பியின் கடிதத்தையும் வெளியே எடுக்கவில்லை. அகதியாக வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: அதிகாரி கேட்காத கடதாசியைக் கொடுக்கவே மாட்டோம்.

என் முறை வந்தது. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி படிவத்தை வாங்கிக் கணினியில் தட்டினார். நிமிர்ந்து பார்த்தார்.

"மதாம், இப்படி ஒரு விவாகரத்து இல்லையே," என்றார் பிரெஞ்சில்.

"இருக்கு," என்றேன் நானும் பிரெஞ்சில்.

மறுபடி தட்டினார். இல்லை. நான் உறுதியாக, இருக்கு, எனக்கு நன்றாகத் தெரியும், எனக்கு அந்தக் கடதாசி வேண்டும் என்றேன். அவர் இரண்டு தரம் ஆங்கிலத்துக்கு வழி விட்டார். நான் விடவில்லை. வகுப்பில் முதல் ஆள் அல்லவா!

"நீங்களும் மிசியூவும் இப்போது ஒன்றாகவா வசிக்கிறீர்கள்?"

பாதுகாப்பவரின் விலாசம் வேண்டும் போலும். "ஓம், ஒரே வீடு. பியர்பொன்ட்ஸ். சொந்த வீடு," என்றேன்.

"மிசியூ இப்போது எங்கே?"

"கீழே, காரில்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நடைபாதையால் போன ஒருவரைக் கைகாட்டி அழைத்தார். பார்த்தால் நம்முடைய குகதாசன்! வழக்குகளுக்குத் தமிழ் மொழிபெயர்க்கிறவர்; கோயில் அன்னதானத்தில் எங்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறவர். எனக்கு மொழிபெயர்ப்பா என்று மனம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் தெரிந்த முகம்.

குகதாசன் படிவத்தைப் பார்த்தார். அவருடைய முகம் சோறு முடிந்துபோன அண்டாவைப் பார்த்தவருடையது போல் ஆயிற்று. குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா... இந்தம்மா சொல்லுறா, டிவோர்ஸ் இன்னும் நடக்கேல்லையாம்."

"நடந்து அஞ்சாறு வருசம் தம்பி. எனக்குத் தெரியாதோ?"

"அஞ்சாறு வருசமோ! ஒருத்தருக்கும் தெரியாதே அக்கா!"

"ஊருக்கெல்லாம் சொல்லவே ஏலும்? குடும்பத்துக்குள்ள வைச்சுக்கொண்டம்."

"அண்ணைக்கு... அண்ணைக்குத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி? அவர்தானே காரில கொண்டுவந்து விட்டவர்."

குகதாசன் மேசையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமே அக்கா. பிள்ளையும் இருக்கிறா."

"மகளுக்கு நல்ல சந்தோசம். கலியாணத்துக்குச் சீலையும் எடுத்திட்டாள்."

"என்ன கலியாணம்?"

"ஐயரிட்ட நாள் வைச்சாச்சு. புரோசார்ட் ஆள், நல்ல குணம். அதுக்குத்தானே தம்பி இந்தக் கடதாசிக்கு அலையிறன்."

"அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர் என்ன சொல்லுறது? சமையலுக்கு ஓடர் குடுத்ததே அவர்தான்." பிறகு ஜெயந்தனை நினைத்து எனக்கு மனம் இளகிவிட்டது. "அவனும் பட்ட பாடு காணும், தம்பி. இனியாவது நிம்மதியா இருக்கட்டும்."

குகதாசன் அதிர்ந்ததை நான் கண்டேன். காரணம் அப்போது விளங்கவில்லை. புருசனை 'அவர்' என்று தொடங்கிய ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு மூச்சுக்குள் 'அவன்' என்று இறக்கிவிட்டாள் அல்லவா! இதற்கு மேல் சமாதானம் பேசிப் பயனில்லை என்று அவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்திருக்கிறார். அலுவலரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, எழுத்தில் தரவா என்று கேட்டார்.

"வுய், வுய்! ஓம், எழுத்தில்தான் வேணும்!"

கடைசியில் வந்ததே கடதாசி! தலைப்பு, திகதி, கையொப்பம், கீழே முத்திரை. நான் வாசிக்காமல் எதையும் வாங்குவதில்லை. வாசித்தேன். கேட்பவள் என்ற இடத்தில் என் பெயர், பாதுகாப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர், நடுவில் விவாகரத்து என்ற சொல். எழுத்துப் பிழைகூட இல்லை. அதனுடன் குடும்ப மத்தியஸ்தம் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். எல்லோருக்கும் கொடுப்பார்கள் போலும் என்று அதையும் உறைக்குள் போட்டேன்.

கீழே இறங்கினால் எங்கள் கார் ஒருவழியாக ஓர் இடத்தில் நின்றது. பக்கத்தில் குகதாசன். எனக்கு முன்னால் படியால் ஓடி வந்திருக்கிறார். யன்னலுக்குள் கையை விட்டு என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் மனுசனே இல்லை. தெய்வம்."

தேர்த் திருவிழாவுக்குத் தான் கதிரை அடுக்கியதைச் சொல்கிறார் என்று என் கணவர் நினைத்தாராம். "சீச்சீ, என்ன செய்யிறது? என்ர கடமைதானே," என்றார்.

குகதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் மகள் துர்க்கா வேலையால் வந்தாள். அவள் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். வெற்றிப் பத்திரத்தை நீட்டினேன். வாசித்தாள். அப்படியே சமையலறைத் தரையில் இருந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்து கிட்டப் போனேன்.

"அம்மா," என்றாள் மூச்சுத் திணறி, "இதில என்ன போட்டிருக்கெண்டு தெரியுமோ? உங்களுக்கும் அப்பாவுக்கும் இடையில விவாகரத்து நடந்ததா எண்டு தேடிப் பாத்தவையாம். கிடைக்கேல்லையாம்!"

"எனக்கும் ஆருக்கும் இடையில?"

"அப்பாவுக்கு! டெமாந்தெரெஸ் எண்டால் வழக்குப் போட்டவ. நீங்கள் அப்பாவுக்கு எதிரா டிவோர்ஸ் கேட்டிருக்கிறியள்!"

கணவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "கேட்டவ எண்டால்... குடுத்தவையோ?"

"இல்லை அப்பா."

"அப்ப சாப்பாட்டைப் போடு பத்மா," என்று போய் மேசையில் இருந்தார்.

காலையில் நடந்த ஒவ்வொரு சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் திரும்பி வந்தது. ஒரே வீடு. சொந்த வீடு. காரில் இருக்கிறார். புரோசார்ட் ஆள், நல்ல குணம். நான் அன்று சாப்பிடவில்லை. ஆனால் படுக்கமுன் நாட்குறிப்பில் ஒரே வரி எழுதினேன்: 'சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை. நாளை எடுப்பேன்.' வெட்கப்பட நாள் இருக்கிறது. ஜெயந்தனுக்கு நாள் இல்லை.

அடுத்த நாள் பேருந்தும் மெத்ரோவும் பிடித்துத் தனியாகப் போனேன். அதே பெண்மணி. என்னைக் கண்டதும் கைகளை மேசையில் கோத்துக்கொண்டார். நான் பிரெஞ்சைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன்: "நான் என் கணவரோடு நன்றாகத்தான் இருக்கிறேன். விவாகரத்து என் தம்பியுடையது." கேட்கமுன்பே தம்பியின் கடிதத்தையும் எடுத்து வைத்தேன். வழக்குப் போட்டவர் இடத்தில் தம்பி பெயர், மற்ற இடத்தில் அவனுடைய முன்னாள் மனைவியின் பெயர். அந்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் கணினி மறுபடியும் இல்லை என்றது! பிரிந்தபோது இருவரும் எங்கே வசித்தார்கள் என்று கேட்டார். புரோசார்ட்டில் என்றேன். அப்படியென்றால் கோப்பு இங்கே இராது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கே நீதிமன்றத்தில் இருக்கும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனிப் பதிவு என்றார். போகும் வழியைத் தானே ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

மெத்ரோ ஆற்றுக்குக் கீழால் போனது. லொங்கேயில் பெயர்களைச் சரியான கட்டங்களில் எழுதி, எழுதியதை மூன்று தரம் சரிபார்த்து, பின்னால் நின்றவரிடமும் ஒருக்காக் காட்டினேன். கோப்பு இருந்தது. சான்றிதழ் கிடைத்தது. அப்படியே நொத்தாரிசு வீட்டு வாசலுக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு ஜெயந்தன் தொலைபேசியில் உண்மையாகவே அழுதான்.

கலியாணம் குறித்த நாளில், எங்களுக்குப் பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நடந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடிய சனம். அழையாதவர்கள் சிலரும் வந்து, மணவறையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மணவறையில் ஜெயந்தன் இருப்பதைக் கண்டு இரண்டு பேருக்குப் பெரிய ஏமாற்றம். கோயிலில் பழக்கமான ஓர் அம்மா மட்டும் யாரையும் விசாரிக்காமல் நேரே என் கணவரிடம் போய், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எந்த ஆம்பிளை வந்து முன்வரிசையில இருப்பான்? உங்களுக்குப் பெரிய மனசு," என்றார். குகதாசன் பந்தியில் என் இலைக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வடை வைத்தார்.

அந்தக் கடதாசியைத் துர்க்கா சட்டம் போட்டு நடையில் மாட்டிவிட்டாள். நான் கழற்றப் போனபோது என் கணவர் விடவில்லை. எங்களுடைய கலியாணச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. 'இதுவாவது இருக்கட்டும்' என்றார்.

நான்தான் ஒருநாள் வாய் சும்மா இராமல், அந்தக் கடதாசி அதில் உள்ள திகதி வரைக்கும்தான் செல்லும், அதற்குப் பிறகு நடந்ததற்கு நீதிமன்றம் பொறுப்பில்லை என்று விளக்கம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் கலியாண நாள் வரும்போதெல்லாம் அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அந்தச் சட்டத்தடியில் வந்து நிற்பார்.

"மதாம் டெமாந்தெரெஸ், போய்ப் புதுப்பிச்சுக்கொண்டு வருவமே?"

"அங்க கார் விட இடம் கிடைக்காது. பேசாமல் இருங்கோ," என்பேன் நான்.