எழுபத்தெட்டுச் சீட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

எதிர்காலம் தெரியும் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருக்கும். இப்படிக் கோபப்பட எனக்கு முழு உரிமை உண்டு. இருபத்திரண்டு வயதில், கண்டி நகரத்தில், எட்டு மாதம் நானே அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். (கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது வயிற்றுப்பிழைப்பு என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டை வடக்கில் நடந்தது, சோதனை எங்கள் தெருமுனையில் நடந்தது. நான் குளத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு லொட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். நாட்டு நிலைமை தெரியாமலோ தெரிந்தோ சில வெள்ளைக்காரர்கள் அப்போதும் வந்து தங்குவார்கள். அப்படி வந்த ஒரு பெண், அறையைக் காலி செய்தபோது ஒரு டாரட் சீட்டுக்கட்டை அலுமாரியில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். எழுபத்தெட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம், கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம். சீட்டைக் கலைத்து ஒன்றை எடுத்து, அந்தப் படத்தை வைத்து நம் மனசில் இருப்பதையும் நடக்கப்போவதையும் அறிந்துகொள்ளலாமாம். மூன்று மாதம் வைத்திருந்தேன். கேட்டு யாரும் வரவில்லை என்றதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டி விஜி, கிளி ஜோசியக்காரன்கிட்ட கிளியாவது இருக்கு. இங்க சீட்டையும் நீயே எடுத்து பலனையும் நீயே சொல்லுவியா?"

நான் அசரவில்லை. புத்தகத்தையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு, முக்கியமான சீட்டுகளின் அடியில் நீலப் பேனையால் தமிழில் அர்த்தம் எழுதினேன். இடம் ஒரு விரல் அகலம்தான். ஆகவே சுருக்கினேன். இடி விழுந்து சரிகிற கோபுரத்தின் கீழே "கோபுரம் விழும்". இரதத்தின் கீழே "வண்டி புறப்படும்". குதிரையில் வருகிற எலும்புக்கூட்டின் கீழே "முடிவு நல்லதற்கே". இன்னொரு படத்தில் வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி சிங்கத்தின் வாயைப் பிடித்து மூடிக்கொண்டிருந்தாள். நமக்குள்ளே இருக்கிற சிங்கத்தை, அதாவது ஆத்திரத்தை, அன்பால் வசப்படுத்த வேண்டும் என்று புத்தகம் ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தது. நான் "சிங்கத்தை அடக்கு" என்று எழுதி முடித்தேன். ஒரு பக்கத்தை இரண்டு சொல்லில் அடைத்த என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு சீட்டைக் கேட்காமல் நான் தலைக்குக் குளிக்கவில்லை. கெலிஓயாவுக்கு பஸ்ஸில் போகலாமா, சித்தியோடு பேசலாமா, கத்தரிக்காய் வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு. அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பேதமெல்லாம் இல்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "வருவானா?" கொழும்புக்குப் போன மகன் வருவானா, பிடித்துக்கொண்டு போன மருமகன் வருவானா, இராணுவத்துக்குப் போனவன் வருவானா. இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலிகளில் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் என்னைப்போல ஒரு அரைவேக்காட்டிடம் சனங்கள் வந்து நின்றார்கள்.

லொட்ஜ் முதலாளியம்மாவின் மகன் இராணுவத்தில் இருந்தான். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நான் சீட்டெடுத்து, இந்தக் கிழமைக்குள் வரும் என்றேன். வந்துவிட்டது! (தபால்காரருக்குப் போக வேண்டிய பெயரை நான் வாங்கிக்கொண்டேன்.) அன்றிலிருந்து அம்மா கிளிப்பேச்சை விட்டுவிட்டார். என்னைப் பார்க்கிற பார்வையிலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. பிடித்தது சனி.

ஒரு புதன்கிழமை சுற்றிவளைப்பில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு அப்பா இல்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்த பிறகு அவர் எழும்பவே இல்லை, இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டைத் தாங்கியது மருந்துக்கடையில் வேலை செய்த அண்ணன்தான். அவனுடைய அடையாள அட்டையில் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். திருத்த அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான துண்டை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தான். துண்டு செல்லாதாம். பிழை விட்டது அலுவலகம், உள்ளே போனது அண்ணன். இந்த நியாயத்தை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

"கிராம சேவகர்ட கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வந்தா விடுவோம்" என்று பொலிஸில் சொன்னார்கள். வியாழக்கிழமை முழுக்க அம்மா அலைந்து கடிதத்தை வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே சேலை கட்டிக்கொண்டு நின்றார்.

"வா விஜி, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன போயிடுவோம்."

"இருங்கம்மா, ஒரு சீட்டு பாத்துட்டுப் போவோம்" என்றேன் நான்.

எடுத்தேன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிற மனிதன் வந்தான். அவன் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சாந்தம். அடியில் என் கையெழுத்தில் "பொறு" என்றிருந்தது. பொலிஸில் ஆளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்று அந்த நாளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தும் எனக்கு அண்ணனின் ஞாபகம் வரவில்லை, சாந்தம்தான் தெரிந்தது. என் தலைக்குள் அன்றைக்கு என்ன இருந்ததோ, மூளை இருக்கவில்லை.

"இன்னைக்குப் போனா காரியம் கெட்டுடும்மா. பொறுக்கச் சொல்லுது."

"பிள்ள உள்ள இருக்கான்டி!"

"அதுக்குத்தான் சொல்றேன். அவசரப்பட்டு அவனுக்கு ஏதும் ஆச்சுன்னா?"

அம்மாவின் முகம் போன போக்கு இப்போதும் எனக்குத் தெரிகிறது. எந்த நாள் நல்லது என்று ஒவ்வொன்றாகச் சீட்டெடுத்தேன். திங்கட்கிழமைக்குச் சூரியன் வந்தது. அம்மா கதிரையில் உட்கார்ந்து, கட்டிய சேலையோடு மத்தியானம் வரை அப்படியே இருந்தார்.

திங்கட்கிழமை போனோம். சூரியன் வரவில்லை, கண்டி மழை வந்தது. அவசரத்துக்கு உதவும் என்று சீட்டுக்கட்டை நான் கைப்பைக்குள் வைத்திருந்தேன். (ஆமாம், பொலிஸ் நிலையத்துக்கு. சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.) வாசலில் பையைச் சோதித்த பெண் பொலிஸ் கட்டைப் பிரித்தாள். முதலில் எலும்புக்கூடு. அடுத்தது, முதுகில் பத்து வாள் குத்திய பிணம். மூன்றாவது சிங்கம். அவள் என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள். அம்மாவை வெளியே வாங்குப்பலகையில் இருக்கவைத்துவிட்டு என்னை நேராகப் பெரியவரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பொறுப்பதிகாரிக்கு மெல்லிய மீசை, களைத்த முகம். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் என் எழுத்துக்கு நானே அர்த்தம் சொன்னால் நம்பமாட்டார்களாம். கிழக்கில் வேலை செய்தபோது தமிழ் எழுத்துப் படித்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். அவர், என் எழுத்து இருந்த சீட்டுகளில் சிலவற்றைப் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வண்-டி பு-றப்-படும். கோ-புரம் வி-ழும். சிங்-கத்-தை அ-டக்-கு. முடி-வு நல்-லதற்-கே."

வாசித்து, சிங்களத்தில் அர்த்தமும் சொல்லி முடித்ததும் அவரே ஓரடி பின்னால் போனார். எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. எட்டு மாதமாக நான் கையில் வைத்துக்கொண்டு திரிந்தது என்ன என்று அந்த நிமிடம் புரிந்தது. குண்டு வைக்கப் போகிறவர்களுக்கு அனுப்பிய தந்தி போலிருந்தது.

"எந்த வண்டி? எந்தக் கோபுரம்?" என்றார் பெரியவர்.

"படத்தில இருக்கிறதுதான் மாத்தியா. இது சாத்திரம் பார்க்கிற சீட்டு," என்றேன். (மாத்தியா என்றால் சிங்களத்தில் ஐயா.)

"இந்தப் பொம்பிளை யார்?" என்று சிங்கச் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியாது மாத்தியா."

"தெரியாதவளின் படத்தை ஏன் பையில் வைத்திருக்கிறாய்? இது எந்தச் சிங்கம்? கொடியில் இருக்கிற சிங்கமா?"

"ஐயோ, இல்லை மாத்தியா! என் மனசுக்குள்ள இருக்கிற சிங்கம்."

அவர் கதிரையில் சாய்ந்தார். "உன் மனசுக்குள் எப்படிச் சிங்கம் வரும்? உங்களுக்கு வேறு மிருகம்தானே?"

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க இருமினார். நான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி வெள்ளைக்காரி, லொட்ஜ், அகராதி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முதலாளியம்மாவின் மகனுக்குக் கடிதம் வந்த கதையைச் சொன்னபோது பெரியவர் கையை உயர்த்தினார். மற்ற இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். செத்தேன் என்று நினைத்தேன்.

"நங்கி," என்றார். தங்கச்சி என்கிறார்! குரல் அடியோடு மாறியிருந்தது. "எனக்குச் சண்டைப் பக்கம், வவுனியாவுக்கு, மாற்றம் வரப்போகிறது என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு. போக வேண்டி வருமா, பார்."

எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்து ஒரு சீட்டை எடுத்துத் திருப்பினேன். இரதம் வந்தது. அடியில் என் நீல எழுத்து. அது என்ன சொல்கிறது என்று அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு முன்தான் வாசித்துக் காட்டியிருந்தார்கள். அவர் முகம் வெளுத்தது.

"வண்டி புறப்படும் மாத்தியா," என்றேன். என் வாயில் எந்தத் தெய்வம் உட்கார்ந்ததோ தெரியாது. "ஆனா நீங்க அதில இல்லை."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். கதவைத் திறந்து, அண்ணனைக் கொண்டுவரச் சொன்னார். சிங்கச் சீட்டை மட்டும் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டு மற்றவற்றை என் பக்கம் தள்ளினார். பிறகு நான் நீட்டிய கிராம சேவகர் கடிதத்தை விரித்துப் பார்த்தவர், தலையை நிமிர்த்தினார்.

"இதில் வியாழக்கிழமைத் தேதி போட்டிருக்கிறதே. வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை? கடிதத்தோடு வந்த எல்லாருடைய ஆட்களையும் அன்றைக்கே விட்டேன். பதினொரு பேர். இவன் ஒருத்தனுக்குத்தான் யாருமே வரவில்லை."

"சுகமில்லை மாத்தியா," என்று புளுகினேன்.

அண்ணன் வந்தான். தாடி முளைத்து, சட்டை கசங்கி, இடது கன்னம் வீங்கியிருந்தது. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். அவன், "என்னாம்மா?" என்று தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். மழை விட்டிருந்தது. அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டே முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் வந்தோம்.

"வெள்ளிக்கிழம எல்லாரையும் விட்டாங்க," என்றான் மெதுவாக. "நான் மட்டுந்தான் மிச்சம். சனிக்கிழம ஒருத்தன் வந்து, 'ஒன்னத் தேடி ஒரு நாய்கூட வரலியே, அப்ப நீ இந்த ஊர்க்காரனே இல்ல, எங்கருந்து வந்தே சொல்லு'ன்னு அடிச்சான். இந்தக் காதில குய்ங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"அண்ணே, அம்மா வெள்ளிக்கிழம வரத்தான் வெளிக்கிட்டாங்க. நான்தான்…" என்று முழுவதையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், பாவி. நடுத்தெருவில் வைத்து என்னை நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் முன்னால் போகிற அம்மாவைப் பார்த்தான்.

"எல்லாரையும் விட்டது அம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றான். "தாங்காது."

அன்று அவன் குளிக்கத் தண்ணீர் சுடவைத்தபோது எழுபத்தேழு சீட்டையும் நானே அடுப்பில் போட்டேன். நல்ல தடித்த அட்டை, தண்ணீர் சீக்கிரம் கொதித்தது. இடது காது மட்டும் எந்த வைத்தியருக்கும் திரும்பி வரவில்லை. அம்மாவும் கடைசி வரை எதுவும் தெரியாமலே போனார். அடித்தவன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் ஒரு பங்கு. துண்டு செல்லாது என்றவன் மேல் ஒரு பங்கு. மிச்சம் முழுக்க, "பொறு" என்று எழுதிய அந்த நீலப் பேனைக்காரி மேல்தான்.

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும், சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனைச் சுற்றிக் கூட்டம் சேரும். "மாமா, சிங்கத்தை அடக்கு!" என்பார்கள். அவனும் சலிக்காமல் சொல்வான். பெரியவரின் மூச்சு, என் மூக்குச்சிந்தல், கான்ஸ்டபிளின் எழுத்துக்கூட்டல் எல்லாம் தத்ரூபமாக வரும். கதையில் புதன்கிழமை பிடிப்பார்கள், அடுத்த வசனத்திலேயே திங்கட்கிழமை வந்துவிடும்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் என் மருமகன் அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். குடும்பத்துக்குப் புதியவர், கணக்காகக் கேட்கிற பிள்ளை.

"பெரியப்பா, புதன்கிழமை புடிச்சாங்க, திங்கக்கிழமை போனாங்கன்னா நடுவில வீட்டில எல்லாரும் என்ன செஞ்சாங்க?"

நான் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"என்ன மாப்பிள்ளை? அந்தக் காது கேக்காது, இந்தப் பக்கம் வாங்க," என்றான் அண்ணன்.

மருமகன் கதிரையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வலப்பக்கம் வந்து சேர்வதற்குள், அண்ணன் கான்ஸ்டபிளாகி, கையை நீட்டிப் பிடித்து, "சிங்-கத்-தை…" என்று ஆரம்பித்துவிட்டான்.