முந்நூற்றுத் தொண்ணூற்றில் நின்ற முள்

கிழக்குத் தாம்பரம்,
14-2-1979

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் தனசிங்குக்கு அத்தான் சத்தியநாதன் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இவ்விடம் நானும் உன் அக்கா ரத்தினபாயும் சுகம். கோயமுத்தூரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். நிற்க. சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டதாக நினைக்காதே, இந்தத் தடவை என் கையில் அத்தாட்சி இருக்கிறது.

முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கார்டாக பிரேக் வேனில் கரிப்புகையும் சிகரெட்டும் இழுத்து, க்ரானிக் பிராங்கைடிஸ் என்று பேர் வாங்கிய நெஞ்சு என்னுடையது. மார்ச் நாலாம் தேதி கோத்தகிரியில் நம் ஞானசௌந்தரியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மகள் வயிற்றுப் பேரனை இன்னும் நான் கண்ணால் பார்க்கவில்லை. டாக்டர் கஸ்தூரிரங்கனோ, "இந்த மூச்சை வெச்சுக்கிட்டு மலை ஏறினா, இறங்கி வர மாட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சிய கெஞ்சலில் மனம் இளகி, லண்டனிலிருந்து அவர் தம்பி அனுப்பிய, மூச்சை அளக்கிற ஒரு குழாயை இரவல் தந்தார். ஒரு சாண் நீளம்தான், மேலே எண்கள், ஒரு சிவப்பு முள். நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். காலை மூன்று, மாலை மூன்று, அதில் பெரியதை எழுத வேண்டும். பத்து நாள் இருநூற்றைம்பதுக்குக் குறையாமல் இருந்தால் மலைக்குப் போகலாம் என்றார். இன்னும் என்னவோ சொல்ல வந்தார். விசில் ஊதியே பென்ஷன் வாங்கியவனுக்கு ஊதப் பாடமா என்று நான் எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி, முதல் நாள் நூற்று எழுபது. சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போய் வந்து, ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் முந்நூற்றுத் தொண்ணூறு. மறுபடி ஊதினேன், அதே முந்நூற்றுத் தொண்ணூறு. அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், எழுபத்திரண்டு ஊதல், முள் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. சளி கட்டிய நாளும் அதேதான், தூக்கமில்லாத நாளும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத மூச்சுக்கு ஒரு எண் இருக்கிறது, அது எனக்குள் இப்படி அசையாமல் இருக்கிறது என்று நினைத்தால் வாயடைத்துப் போகிறது. சிக்னலையும் மீட்டரையும் கார்டு தொட்டால் மெமோ வரும். அந்தப் பழக்கத்தில் முள்ளை ஒரு விரலால்கூட நான் தொடவில்லை, பார்த்து எழுதியதோடு சரி.

நடுவில் சில தொந்தரவுகள் இருந்தன, மறைக்கவில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப்படியில் மூச்சு நின்று, கீரைக்காரி பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். படிகளை உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். ஞாயிறு பாடகர் குழுவில் இரண்டாவது அடியிலேயே குரல் போய்விட்டது, ஆர்கன் வாசிக்கிற ஞானஜோதி இழுத்து இழுத்து வாசித்தால் யாருக்குத்தான் தாங்கும்? சைக்கிள் கடை சௌகத் அலி வேறு என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சியெல்லாம் கறுத்துக் கீது, வூட்டுக்குப் போ சார்" என்றான். "முந்நூற்றுத் தொண்ணூறு தெரியுமா?" என்றேன். "அத்த உன் மூஞ்சிகிட்ட சொல்லு சார்" என்கிறான். படிக்காதவன், என்ன செய்வது.

ஆகையால் நாங்கள் இருவரும் இரண்டாம் தேதி நீலகிரி எக்ஸ்பிரஸில் புறப்படுகிறோம். மேட்டுப்பாளையம் வந்து அழைத்துப் போ. பேரனை நான்தான் தூக்கிக்கொண்டு சபை ஐயர் முன்னால் நிற்பேன் என்று ஞானசௌந்தரிக்கும் சொல்லிவிடு. உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சத்தியநாதன்

பி.கு. ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். "ரெண்டாம் நாள் நீங்க மார்க்கெட் போயிருந்தப்ப, இது சரியா வேலை செய்யுதான்னு நான் ஒரு தடவை ஊதிப் பார்த்தேங்க" என்றாள். ஊதியதும் முள் ஏறிய இடத்திலேயே நின்றுவிடுமாம், ஒவ்வொரு தடவையும் விரலால் கீழே தள்ளிவிட்டுத்தான் ஊத வேண்டுமாம். நான் எழுந்து வந்த பிறகு, என்னோடு வந்திருந்த அவளிடம் டாக்டர் சொன்னாராம். எனக்கும் தெரியும் என்று அவள் இருந்துவிட்டாள். தள்ளிவிட்டு ஊதினேன். நூற்று அறுபது. பன்னிரண்டு நாளாக நான் எழுதி வைத்தது முழுக்க உன் அக்காவின் மூச்சு. அவளுக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது முப்பத்தைந்து வருஷத்தில் எனக்குத் தெரியாது. நாளைக் காலை டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன். மலைக்கு அவள் மட்டும் வருவாள். போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள், "பேரனை நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே தூக்கு" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பத்து நாள் கழித்து நீயே கூட வந்து அவளைக் கொண்டுவிடு, ஒரு நாளும் பிந்தாதே. அந்தப் பத்து நாளும் இந்தக் குழாயில் நான் எழுதப்போவது என் மூச்சு மட்டும்தான், எனக்குப் பயமாக இருக்கிறது தனசிங்.