கேஸாஃபுக்குப் பதில் சொன்னவர்

மியூட் அளவுக்குக் குறைவாகப் பேசிய மனிதர் டெக்சாஸ் மாநிலத்தில் கிடையாது. பக்கத்து மாநிலங்களையும் சேர்த்துச் சொன்னாலும் யாரும் மறுக்க முடியாது.

ரவுண்ட் ராக் ஊரில் அவரும் நானும் ஒரே ஆபீஸ், ஒரே அப்பார்ட்மென்ட். அவர் மாடியில், நாங்கள் கீழே. கான்ஃபரன்ஸ் காலில் யார் என்ன கேட்டாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட மைக் படம் மட்டும்தான் தெரியும். பதில் சாட்டில் வரும், அதுவும் கமா தப்பாமல். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தது நான்தான். ஒரு மணி நேரத்துக்குள் அது ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஹோட்டலுக்குப் போனால் மெனுவில் உள்ள படத்தைக் காட்டுவார். படம் இல்லாவிட்டால் பக்கத்து டேபிள்காரர் தட்டைக் காட்டுவார். ஒருமுறை அந்த டேபிள்காரர் பயந்துபோய்த் தன் வடையையே நீட்டிவிட்டார். பிறந்தநாள் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பார்.

"பாவம், அவரு ஊமையா, உமா?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"இல்லங்க. போன மார்ச்ல தும்மினாரு. நானே கேட்டேன்."

அந்த வருஷம் ஸ்பிரிங் பிரேக்கில் என் ஒன்பது வயது மகள் நிலா பறவைகள் சரணாலயத்துக்குப் போகவேண்டும் என்று நச்சரித்தாள். ஊருக்கு வெளியே ஒரு மணி நேர டிரைவ். ஆசையாக வாங்கி, பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகும் கிளிகளை அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கிளம்பும்போது பார்க்கிங்கில் மியூட் நின்றிருந்தார். "அங்கிள், யூ வான்ட் டு கம்?" என்றாள் நிலா. நான் சும்மா சிரித்துவைத்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே பெரிய கண்ணாடிக் கூடம். வாழை மரம், சொட்டுகிற ஈரம், வியர்த்துக் கொட்டும் புழுக்கம். பஞ்சவர்ணக் கிளிகள் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. கௌபாய் பூட்ஸ் போட்ட வெள்ளைத் தலை அம்மாள் ஒருவர் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசிக் கூண்டில் ஒரு சாம்பல் கிளி. நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லை, உரித்த கோழி மாதிரி இருந்தது.

"தானே பிடுங்கிக்கொள்கிறது. தனிமைதான்" என்றார் அந்த அம்மாள். "இதன் பெயர் கேஸாஃப். வளர்த்தவர்கள் ரஷ்யர்கள் போலிருக்கிறது. இங்கே வந்த இரண்டு வருஷமாக யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது."

கிளி கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு நல்ல மாம்பலத்துக் குரலில் கேட்டது: "ஏங்க, கேஸ ஆஃப் பண்ணியாச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நிறுத்தவில்லை. "ஆங்... சொல்லுங்க... சரி, வெச்சுரட்டுமா? வெச்சுரட்டுமா?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு வருஷமாக ஒரு தமிழ்க் கிளிக்கு ரஷ்யப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்! அந்த அம்மாளுக்கு அர்த்தம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், மியூட் கூண்டுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"ஆ... ஆ... ஆஃப் பண்ணிட்டேம்மா" என்றார்.

கிளி அசையாமல் நின்றது. பிறகு கம்பியில் நகர்ந்து நகர்ந்து அவர் முகத்துக்கு நேராக வந்தது. அதன் கேள்விக்கு இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் பதில்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திக்குவாய். அதற்குத்தான் நான் பெயர் வைத்து, பெருமையும் பட்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் நிலாதான் கேட்டாள். "அங்கிள், டஸ் இட் ஹர்ட்?"

"இ... இல்லம்மா. நான் சொ... சொல்ல வந்ததை அடுத்தவங்க அவங்களே சொல்லி முடிப்பாங்க பாரு, அ... அப்பதான்."

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அங்கே போனார். சில சமயம் நாங்களும் போவோம். ஆபீஸ் அரசியல், கத்திரிக்காய் விலை, கிரீன் கார்டு எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கிளியிடம் பேசுவார். அதன் நெஞ்சில் பஞ்சு மாதிரி இறகு முளைக்க ஆரம்பித்தது.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நாங்களும் இருந்தோம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்திருந்தது. கிளி உற்சாகமாகக் கத்தியது: "கே... கே... கேஸ ஆஃப் பண்ணியாச்சா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கிளி தடுமாறுகிறதே என்றுதான் சிரித்தார்கள், கெட்ட எண்ணம் இல்லை. மியூட் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று சனிக்கிழமை அவர் போகவில்லை. நாலாவது சனிக்கிழமை காலையில் பூட்ஸ் அம்மாள் எனக்கு போன் பண்ணினார். கிளி மறுபடி இறகைப் பிடுங்குகிறதாம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

மாடிக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னால அ... அதுவும் கெட்டுப்போச்சு, உமா" என்றார். "நாப்பத்தாறு வருஷமா நான் ப... படறது போதாதா? நல்லாப் பேசிட்டிருந்த கி... கிளி."

"சார், அது சாப்பிட மாட்டேங்குது. இறகையெல்லாம் பிடுங்கிப் போடுது. அதுக்கு நீங்கதான் வேணும். நீங்க எப்படிப் பேசறீங்கன்னு அதுக்குக் கவலையே இல்ல." அழுகை வந்துவிட்டது. அதே மூச்சில் சொல்லிவிட்டேன். "அந்த மியூட்ங்கற பேர வெச்சதும் நான்தான். சாரி சார்."

"தெ... தெரியும்." ஷூவைத் தேட ஆரம்பித்தார். "ந... நல்ல பேருதான். எங்கப்பா வெச்ச பேரு எ... எனக்கே சொல்ல வராது. இது ஈஸி."

அழுதுகொண்டே சிரித்தேன். அவர் அதைக் கவனிக்காதது போல ஷூ கயிற்றைக் கட்டினார்.

சரணாலயத்தில் கிளி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. அவர் வாசலில் நுழைந்ததுமே தலையைத் தூக்கியது. சிறகை அடித்துக்கொண்டு கம்பிக்குத் தாவியது.

"சா... சா... சாப்ட்டியா?"

அச்சு அசல் அவர் குரல். மியூட் உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இ... இன்னும் இல்லடா. நீ?" என்று ஒரு பப்பாளித் துண்டை நீட்டினார். கிளி வாங்கிக்கொண்டது. இருவரும் பேச ஆரம்பித்தார்கள், யாருக்கும் அவசரமில்லை.

"மாம், டான்ஸ் க்ளாஸ். வி ஆர் சோ லேட்" என்றாள் நிலா.

நான் கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவளையும் இழுத்து பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டேன்.