ஆறு திருகாணியும் ஒரே இறுக்கம்

ஒரு காட்டில் மரவள்ளி பயிரிட்டு வாழ்ந்த முள்ளம்பன்றி ஒருவர் இருந்தார். பெயர் ஊசிக்காத்தான். அவர் தோட்டத்தில் இருநூற்றுப் பதினாறு செடிகள். தினமும் காலையில் எண்ணுவார். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் எண்ணுவார். மழைக்காலம் முழுக்க அவரும் மனைவி செண்பகவல்லியும் சாப்பிட அந்தக் கிழங்கை விட்டால் வேறு இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் கோரையன் என்ற காட்டுப்பன்றி வந்து ஒன்பது செடிகளைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போவான். நாலு வெள்ளி பொறுத்த ஊசிக்காத்தான், மனுப் போட்டு, மூன்று இடத்தில் கைநாட்டு வைத்து, ஒரு துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினார். பக்கத்தில் உள்ள போல்ட் என்ற கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்துத் தோட்டா போடுகிற போல்ட் துப்பாக்கி அது. உரிமத்தில் பதினேழு நிபந்தனைகள். பதினோராவது: தோட்டத்துக்கு வெளியே போல்ட்டைத் தூக்கக் கூடாது.

அவருக்குப் பார்வை மங்கல். ஆகவே தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாயான ஸ்கோப் வாங்கினார். ஸ்கோப்பைத் துப்பாக்கியின் முதுகில் பிடித்து நிறுத்த மவுண்ட் வேண்டுமே என்று மரநாய் கடைக்குப் போனார்.

"மூணு உயரத்துல இருக்கு அண்ணாச்சி. எது வேணும்?" என்றது மரநாய்.

கேட்பதற்குப் பதினாலு கேள்விகளை மனதில் அடுக்கிக்கொண்டு போயிருந்தார். பின்னால் வரிசையில் இரண்டு முயல்கள் நின்றதால் கூச்சம் வந்து ஒன்றைத்தான் கேட்டார். "எதுல கண்ணு நேரா வரும்?"

"தாழ்வானதுல கன்னம் துப்பாக்கிக் கட்டையில நல்லாப் படியும், கண்ணு நேரா வரும். ஆனா போல்ட்டைத் தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. ஸ்கோப்புல இடிச்சாலும் இடிக்கும்."

"இங்க தூக்கக் கூடாது. பதினோராவது நிபந்தனை."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டுத்தான இருக்கேன்," என்றார் ஊசிக்காத்தான்.

முயல்கள் சிரித்தன. தாழ்வானதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக, மாற்றி மாற்றி இறுக்கினார். அசைந்தால் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் புள்ளி வைத்தார்.

"ஒரு தடவை தூக்கித்தான் பாருங்களேன்," என்றாள் செண்பகவல்லி.

"நம்ம வளை வேலிக்கு மூணு முழம் வெளிய இருக்கு. அளந்துட்டேன்."

"நீங்க திருகுற வேகத்துக்கு அந்தப் பன்னி வயசாகியே செத்துரும்."

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குள் படுத்துக் குறிபார்த்தார். நாற்பதடி தூரத்தில் கோரையன் துல்லியமாகத் தெரிந்தான். இடது மீசையில் பதினோரு முடி. போல்ட்டைத் தூக்கினார். டக். பாதியில் ஸ்கோப்பின் வாலில் இடித்து நின்றது. மறுபடி டக்.

கோரையன் தலையைத் தூக்கினான். கிழங்கை மென்றுகொண்டே பக்கத்தில் வந்தான். ஊசிக்காத்தானுக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது.

"தாழ்வான மவுண்ட்டா பெரியவரே? நடுத்தரம்தான் வாங்கியிருக்கணும்."

"அதுல கன்னம் படியாதே."

"கட்டையில நாலு சுத்து துணி சுத்துங்க, படியும். போன மாசம் கீரி வீட்லயும் இதே தப்புதான்." குனிந்து உற்றுப் பார்த்தான். "ஆனா திருகாணி வேலை சுத்தம். ஆறும் ஒரே இறுக்கம்."

ஊசிக்காத்தானிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. "புள்ளி வச்சிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேனே. சிவப்பு."

அடுத்த வெள்ளி, நடுத்தர மவுண்ட். துணியும் சுற்றியாயிற்று. கோரையன் தானாகவே நாற்பதடி தள்ளிப் போய், பக்கவாட்டில் திரும்பி நின்று தின்றான். போல்ட் எண்ணெய்போல் வழுக்கித் திறந்தது. தோட்டா உள்ளே போயிற்று. கோரையனின் காதோரம் சரியாக ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டில் நின்றது.

"நேரா இருக்கா பெரியவரே?"

"மயிரிழை பிசகலை," என்றார் ஊசிக்காத்தான். சொன்ன பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"ஏன் சுடலை?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"சுட்டா அதிருமில்ல. திருகாணி தளர்ந்துரும்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கோரையன் வந்து புள்ளிகளைச் சரிபார்த்தான். ஆறும் இடத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு ஒன்பது செடிகளைத் தின்றான். மழை பிடித்தபோது தோட்டத்தில் ஒரு செடியும் இல்லை. ஊசிக்காத்தான் இரண்டு பக்கமிருந்தும் எண்ணிப் பார்த்தார். கணக்கு ஒத்துப்போயிற்று.

நீதி: எதிரி வருமுன் சரியான மவுண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால், திருகாணியின் அருமை தெரிந்த எதிரியைத் தேர்ந்தெடுங்கள். வயிறு காய்ந்தாலும் மனசு நிறையும்.