‘திறக்காதேங்கோ சேர்!’

வெள்ளவத்தை,
2008 ஆவணி.

பேரன்புக்குரிய அத்தான் அவர்கட்கு,

ரொறொன்ரோவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்கப் பிள்ளையார் துணை. என் நலத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருடமாக ‘வாடா, வாடா’ என்று கூப்பிட்டீர்கள், நான் மறுத்தேன். இப்போது வருகிறேன். எந்த வழியென்றாலும் பாருங்கள்.

வத்தளையில் எங்கள் பெயின்ற் கம்பனி ஆய்வுகூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) நனோத்தூள் வந்தது. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரம் மணிகள் வரிசையாக நிற்கும், அவ்வளவு சிறிசு. வந்து இறங்கிய உடனேயே ஈரத்தைக் குடித்துக் கட்டிபட்டுவிட்டது. கட்டியை உலர இடித்தால் தூள் புகைபோலக் கிளம்பி நெஞ்சின் அடிவரை இறங்கும். முகமூடி, கையுறை போட்டு, காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெல்ல நனைக்க வேண்டும். பிறகு ஐஸில் வைத்து மீயொலிக் கருவியால் விட்டுவிட்டு அதிரவைக்க வேண்டும், சூடேறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஆகவே எங்கள் மனேஜர் கொன்ஸ்ரன்ரைன், “கொள்ளுப்பிட்டியில ஒரு லேபில இருக்காம், கொண்டுபோய் உடைச்சுக்கொண்டு வாரும்” என்றார். நானும் கொஞ்சத்தைப் போத்தலில் எடுத்து இறுக மூடி, இரண்டு உறைக்குள் போட்டு, பஸ் ஏறினேன்.

களனிப் பாலம் தாண்டியதும் குண்டுப் பயத்தில் பொலிஸார் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த பொலிஸ் சாஜன் போத்தலைத் தூக்கி, “மே மொனவத?”, இது என்ன, என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “திறக்காதேங்கோ சேர்!” என்று கத்திவிட்டேன்.

“ஏன், வெடிக்குமா?”

“வெடிக்காது சேர். மூச்சுக்குள்ள போயிடும்.”

“அப்ப நஞ்சா?”

“நஞ்செண்டு சொல்லேலாது சேர். இன்னும் ஆராய்ச்சி நடக்குது.”

அத்தான், அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கொண்டுபோய்ப் பொலிஸ் கூட்டுக்குள் போட்டது. திரும்பிப் பார்த்தால் பஸ்ஸைச் சுற்றி ஒரு மனிதரும் இல்லை, றைவரைக்கூடக் காணோம்.

பொலிஸ் நிலையத்தில் ஒருவர் மூடியைத் திருகி மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் தும்மியிருப்பார், நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த மனிதனின் நெஞ்சை நினைத்து, “முதல்ல தண்ணி விடுங்கோ!” என்று மறுபடி கத்தினேன். இதனால் எத்தனை பேர் சாவார்கள் என்று விடிய விடியக் கேட்டார்கள். யாரும் சாகாமல் இருக்கத்தானே அத்தான் நான் கத்தினது?

கொன்ஸ்ரன்ரைனுக்கு போன் போட்டார்கள். “சுந்தரலிங்கமோ? எங்கட லேபிலதான் வேலை. ஆனா என்னத்தைக் கொண்டுபோனவர் எண்டு எனக்குத் தெரியாது” என்றாராம். அவரும் கொட்டாஞ்சேனைத் தமிழர்தான். தெரியும் என்று சொல்லியிருந்தால் பக்கத்துக் கூட்டில் அவர் இருந்திருப்பார். அது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் மனம் ஆறுகிறது என்று இல்லை. என்னைக் கட்டின பாவத்துக்கு உங்கள் தங்கச்சி சரோஜினிதேவி சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் நின்று நின்று திரும்பிப் போனாள்.

கடைசியில் பரிசோதனை முடிவு வந்தது. நாக ஒட்சைட்டுத்தான், குழந்தைகளுக்குப் பூசுகிற கிறீமிலும் இருக்கிற சாமான் என்று. “பேபி கிறீமுக்கா இந்தக் கூத்து?” என்று சாஜன் என் கன்னத்தில் ஒன்று போட்டுத்தான் வெளியே விட்டார். இடது காது இன்னும் இரைகிறது. கிறீமில் குழைத்துப் பூசுவதும் தூளாக இழுப்பதும் ஒன்றல்ல என்று விளக்க வாயெடுத்தேன், மற்றக் கன்னத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் கம்பனிக்குப் போனால், நற்பெயருக்குப் பங்கம் வந்துவிட்டதாம், மறு அறிவித்தல்வரை வரவேண்டாமாம். சரி. இனி எவன் எதைத் திறந்தாலென்ன, எதை இழுத்தாலென்ன, நான் வாய் திறக்கமாட்டேன். போதும் அத்தான், இந்த நாடும் வேண்டாம், இந்தத் தூளும் வேண்டாம். அங்கே கோப்பை கழுவியாவது மிச்சக் காலத்தைக் கழிக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், இரசாயனம் மட்டும் வேண்டாம்.

அன்பு மைத்துனன்,
சுந்தரலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் லேபில் என்னோடு வேலை செய்யும் செலீன் போன் எடுத்தாள். “மனேஜர் மிச்சக் கட்டியெல்லாத்தையும் உரல்ல போட்டு இடிக்கச் சொல்றார் அண்ணே. மாஸ்க் கேட்டா, கைலேஞ்சியைக் கட்டு எண்டுறார்.” கைக்குழந்தைக்காரி. “தொடாதே பிள்ளை, நான் வாறன்” என்று சொல்லிவிட்டேன். வழி பார்க்கிறதைக் கொஞ்சம் நிற்பாட்டி வையுங்கோ அத்தான். நாளைக்கு வத்தளைக்குப் போறன். கேற்றில விடமாட்டான் எண்டு தெரியும், வெளியில நிண்டாவது கத்துவன். சரோவிட்ட இன்னும் சொல்லேல்லை.