சேந்தன் சாவுக்குக் கிடைத்த மன்னிப்பு

நெடுவாயில் நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டு வரைபடக்காரர்கள் அனைவரும் சிறையில் இருந்தார்கள்.

அங்கே கோட்டைக்கு ஒரே ஒரு பெரிய கதவு. அது உள்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றது ஒரு கட்சி; வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்றது இன்னொன்று. கதவைக் கடைசியாகத் திறந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் தேர்தல் நெருங்கினால் இரண்டு கட்சியாரும் கடைத்தெருவில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வார்கள்.

வடிவம்மைக்குக் கதவைப் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது. தெருத்தெருவாக உப்பு விற்றுப் பிழைத்தவள். கணவன் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன் சேந்தன், பத்தொன்பது வயது, படகுத்துறையில் சுமை இறக்கினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய செருப்பு வார் அறுந்தது.

"துறைக்குப் போற வழிதானே, குப்பாண்டிகிட்ட தைக்கக் கொடுத்துட்டுப் போடா" என்றாள்.

"கொடுத்துட்டுப் போனா நீ நாள் பூரா வெறுங்காலோட அலைவே. நின்னு தைச்சு வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பினான்.

அவன் குப்பாண்டியின் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, தெருவின் இரு முனையிலிருந்தும் இரண்டு ஊர்வலங்கள் வந்தன. கல்வீச்சு கால் நாழிகைகூட நீடிக்கவில்லை. ஒரு கல் சேந்தனின் நெற்றிப்பொட்டில் பட்டது. வடிவம்மை வெறுங்காலோடு ஓடி வந்து சேர்ந்தபோது உடம்பில் சூடு மட்டும் மிச்சமிருந்தது.

அன்று மாலை இரண்டு கட்சித் தலைவர்களும் அவள் குடிசைக்கு வந்தார்கள்.

"உள்கதவுக்காக உயிரை ஈந்த மாவீரன்!" என்றார் ஒருவர்.

"பொய்! வெளிக்கதவின் தியாகச் சுடர்!" என்றார் மற்றவர்.

"அவன் எந்தக் கதவுக்கும் போகலைங்கய்யா. செருப்பு தைக்கப் போனான்" என்றாள் வடிவம்மை.

யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு கொடி போர்த்தியதில் பிள்ளையின் முகம் மூடிப்போயிற்று. கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட அவளால் துணியை விலக்க முடியவில்லை. கொடியைத் தொடுவது குற்றம் என்று காவலர் கையைத் தட்டிவிட்டார்.

அரசர் மிகவும் வருந்தினார். வருத்தத்தின் விளைவாக ஓர் ஆணை பிறந்தது: தெருவில் நின்றதால்தான் மரணம் நேர்ந்தது, ஆகவே இனி யாரும் தெருவில் நிற்கலாகாது. அதன் பின் வடிவம்மை நடந்துகொண்டே உப்பு அளந்தாள். வாங்குகிற பெண்கள் முறத்தை ஏந்தியபடி கூடவே ஓடினார்கள். முழங்கால் வலிக்காரர்கள் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் இன்னோர் ஆணை: கலவரத்தைப் பார்ப்பதால் மக்கள் மனம் கெடுகிறது, ஆகவே தெருப்பக்கச் சன்னல்களை அடைத்துவிட வேண்டும். பட்டப்பகலில் வீடுகளில் விளக்கேற்றினார்கள். தெருவில் கல்வீச்சு மட்டும் முறையாக நடந்துவந்தது.

பிறகு விசாரணை தொடங்கியது. பார்ப்பதே குற்றமான ஊரில் பார்த்ததாகச் சொல்ல யார் வருவார்? குப்பாண்டியை மட்டும் அழைத்தார்கள்.

"ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேனுங்க. தலையைத் தூக்கலை" என்றான் அவன். வடிவம்மையின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

விசாரணைத் தலைவர் அவளைக் கூண்டில் ஏற்றினார். "அம்மா, காலஞ்சென்றவர் தாமாகவே அங்கே சென்றாரா?"

"இல்லைங்க."

"அப்படியானால் அனுப்பியது யார்?"

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"நான்தான்" என்றாள். "நான்தானுங்க அனுப்பினேன்."

மன்றத்தில் பெருமூச்சு எழுந்தது. "குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று எழுத்தர் எழுதினார். கல் எறிந்தவர் குறித்து ஆராயத் தேவை எழவில்லை என்று தீர்ப்பு கூறியது. அவளுக்கு ஏழாண்டுச் சிறை. அரசாங்கமே சொல்லிவிட்டதே, உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது.

ஆறு மாதம் கழிந்தது. தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால் இரண்டும் கூடி ஆட்சி அமைத்தன. பதவியேற்பு நாளில், அரசரின் கருணையால் வடிவம்மை மன்னிக்கப்படுவாள் என்று அறிவித்தார்கள். காவலர்கள் அவளை மேடைக்கு அழைத்துச் சென்றபோது, கூட்டத்திலிருந்து ஒருவன் முண்டியடித்துக்கொண்டு அருகில் வந்தான். குப்பாண்டி.

"அக்கா, கடையைப் பிடுங்கிடுவோம்னாங்க. புள்ளகுட்டிக்காரன், பயந்துட்டேன். கல்லை எறிஞ்சது மேடையில நடுவுல நிக்கிறவன்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

நடுவில் நின்றவர் தெரு அமைதித் துறையின் புதிய அமைச்சர். மன்னிப்பு ஓலை அவர் கையில்தான் இருந்தது. சிரித்த முகத்தோடு அதை நீட்டினார்.

"இனியாவது பிள்ளைகளைப் பார்த்து அனுப்புங்கள், அம்மா."

வடிவம்மை ஓலையை வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள். "இவன்தான்! என் புள்ளையைக் கொன்னவன் இவன்தான்!" என்று அலறினாள்.

அதே நொடியில் இரண்டு கட்சியாரும் ஒரே குரலில் வாழ்க முழக்கம் எழுப்பினார்கள். பத்தடி தள்ளி நின்றவர்களுக்கு அவள் வாய் அசைந்தது மட்டுமே தெரிந்தது.

அவள் என்ன சொன்னாள் என்பதை அவர்கள் மறுநாள் அரசுச் செய்தித்தாளில் படித்தார்கள்: "அமைச்சரைக் கண்ட தாய், நன்றிப் பெருக்கில் கதறினார்."