பெரியப்பாவை விழத்தட்டிய நாற்காலியும் எங்கள் முப்பதாயிரம் பங்கும்

பங்கு வாங்கலாம் என்ற யோசனை எனக்கு முதன்முதலில் உதித்தது, ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் அண்ணன் கல்யாணப் பந்தியில் பெரியப்பா தொபுக்கடீர் என்று விழுந்தபோதுதான்.

அவர் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் விரித்துவிட்டது. பெரியப்பாவைத் தூக்க எட்டுப் பேர் ஓடினார்கள். நான் ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கினேன். (பெரியம்மா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.) கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு கம்பெனியின் பெயர். மண்டபம் முழுக்க அதே நாற்காலி. கோயில் திருவிழாவில் அதே நாற்காலி, சாவு வீட்டில் அதே நாற்காலி. போனில் தேடினேன். மலேசியப் பங்குச் சந்தையில் இருக்கிற சின்ன கம்பெனி. ஒரு பங்கு முப்பத்திரண்டு சென். நூறு சென் சேர்ந்தால்தான் ஒரு வெள்ளி.

'ஜொகூரே இதுலதான் உக்காருது. உடைஞ்சா திரும்ப வாங்கித்தானே ஆகணும்?' என்று கணக்குப் போட்டேன். சரக்கு மட்டம் என்பதற்கான ஆதாரம் என் காலடியில் கிடந்து முனகிக்கொண்டிருந்தது. அதைப் போய் வியாபாரம் பெருகும் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பில் டைப் பண்ணுகிற வேலை. அதோடு, கம்பெனிகளை எடைபோடுவது எப்படி என்று ஒரு சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு. (ஞாயிறு மத்தியானம் தூங்கிவிட்டேன்.) இந்தத் தகுதியோடு ஆண்டறிக்கையைத் திறந்தேன். முன்பக்கங்களில் இயக்குநர்கள் கைகட்டிச் சிரிக்கும் கலர் படங்கள், தலைவரின் நம்பிக்கை உரை. வரி விடாமல் படித்தேன். நடுவில் கணக்கு அட்டவணைகள். வேண்டிய எண்களைப் பொறுக்கிக்கொண்டேன். கடைசியில் எறும்பு சைஸ் எழுத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்புகள். அதைப் படிக்கவில்லை. முக்கியமா இருந்தா பெருசா போட்டிருப்பாங்கல்ல?

பங்குக்கு ஒன்பது சென் லாபம். அதாவது மூன்றரை வருட லாபத்திலேயே போட்ட காசு வந்துவிடும். கடனெல்லாம் கழித்துப் பார்த்தால் பங்குக்கு எண்பது சென் சொத்து. எண்பது சென் பொருளை முப்பத்திரண்டு சென்னுக்கு விற்கிறார்கள், பைத்தியக்காரர்கள்! பதினாலு பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தேன். நல்ல எண்ணுக்குப் பச்சை, கெட்ட எண்ணுக்குச் சிவப்பு. சிவப்பைப் பயன்படுத்த வாய்ப்பே வரவில்லை.

என்னிடம் காசு இல்லை. அப்பாவிடம் இருந்தது. முப்பது வருடம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். உலு திராமில் எங்கள் வீட்டு அடுப்படிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒன்பதாயிரத்து அறுநூறு வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"ஒரே வருஷம்ப்பா. ரெட்டிப்பாயிடும். கூரையும் போடலாம், கேபினெட்டும் போடலாம்."

அப்பா அறிக்கையைப் புரட்டினார். "பச்சைன்னா என்னாம்மா?"

"நல்லதுப்பா."

"எல்லாமே பச்சையா இருக்கு?"

"அதாம்ப்பா சொல்றேன்!"

அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "அவ்ளோ நல்ல கம்பெனின்னா ஏன் வாணி இவ்ளோ மலிவா விக்கிறாங்க?"

"சந்தைக்கு இன்னும் தெரியலம்மா."

"சந்தைக்கே தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?"

"தெரியும்மா."

அந்த 'தெரியும்மா'வை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. மறுநாள் அப்பா பெயரில் முப்பதாயிரம் பங்கு வாங்கினோம்.

சில மாதம் கழித்து ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில். அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட பூப்போட்ட பாத்தேக் சட்டையை அப்பா இஸ்திரி போட்டார். "முதலாளி சும்மா போக முடியுமா?" பங்கு அவர் பெயரில் என்பதால் அவர் கையில் பட்டை கட்டினார்கள். என் நெஞ்சில் 'விருந்தினர்' என்று ஸ்டிக்கர். விருந்தினராக வந்தவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாதாம். பதினாலு பக்கம் எழுதியவள் நான், பேசும் உரிமை அதைப் பச்சையா இருக்கே என்று ரசித்தவருக்கு! வேறு வழியில்லாமல், என் கேள்வியை ஒரு தாளில் எழுதி அப்பா கையில் திணித்தேன்.

உள்ளே பார்த்தால் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், பெரிய பெரிய பைகளோடு. பக்கத்தில் உட்கார்ந்த சீன ஆன்ட்டிக்கு அந்த வாரத்தில் இது மூன்றாவது கூட்டமாம். நூறே நூறு பங்கு வைத்திருக்கிறாராம். சாப்பாட்டுக்கும் அன்பளிப்புக்கும் வருகிறாராம். "உங்களுக்கு எவ்வளவு?" என்று மலாயில் கேட்டார்.

"முப்பதாயிரம்" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

"அலமாக்!" என்று வாயைப் பிளந்த ஆன்ட்டி, தன் தட்டிலிருந்து ஒரு கறிபாப் பலகாரத்தை எடுத்து அப்பா தட்டில் வைத்தார். நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

கேள்வி நேரம். அப்பா மைக்கைப் பிடித்து, மருந்து பாட்டில் லேபிளைப் படிப்பது மாதிரி என் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நம் கம்பெனியின் உண்மையான மதிப்பைச் சந்தை உணராதது ஏன், நிர்வாகம் இதற்கு என்ன செய்யப் போகிறது? எனக்குப் புல்லரித்தது.

தலைவர் கனிவாகச் சிரித்தார். "ஆண்டறிக்கையின் பின்பகுதியில் பதினேழாம் குறிப்பைப் பாருங்கள், ஐயா."

போனில் தேடினேன். எறும்பு எழுத்து. தொழிற்சாலை நிலத்தை விற்றிருக்கிறார்கள். அந்தப் பணம் லாபத்தில் சேர்ந்திருக்கிறது. பங்குக்கு ஒன்பது சென் லாபத்தில் நிலம் மட்டும் பதினோரு சென். அப்படியென்றால் நாற்காலி வியாபாரம்? இரண்டு சென் நஷ்டம். நிலத்துக்கு வந்த பணமும் வங்கிக் கடனுக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் விற்பதற்கு நிலமும் கிடையாது.

'உக்காருங்கப்பா' என்று சட்டையை இழுத்தேன். அவர் உட்காரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மலாயில் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

"கிடங்குல இருக்கற நாற்காலிங்க எவ்ளோ நாளா அங்கேயே கிடக்குது?"

தலைவர் நிதி அதிகாரியைப் பார்த்தார். நிதி அதிகாரி மைக்கைப் பார்த்தார். "சிலது... மூன்று வருடமாக" என்றார். என் எண்பது சென் சொத்தில் சரக்கு என்று காட்டியிருந்த பாதி, ஏதோ ஒரு கிடங்கில் வெளுத்துப்போய் அடுக்கிக் கிடந்தது.

சரி, கோபத்தைக் காட்டவாவது ஒரு வாய்ப்பாக வாக்கெடுப்பு வந்தது. இயக்குநர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமா? அப்பா, வாக்களிக்கக் கொடுத்திருந்த கருவியில் பட்டென்று 'ஆதரவு' பொத்தானை அழுத்தினார்.

"ஏம்ப்பா!"

"பாவம்லா. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூல் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். (விருந்தினருக்குக் கிடையாது.) ஆன்ட்டி தன் ஸ்டூலைச் சட்டென்று கவிழ்த்துப் பார்த்தார். அந்தப் பழக்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அடியில் வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. "இவங்க இப்ப செய்யறதில்ல லா. வெளிய வாங்கி விக்கிறாங்க" என்றார். ரெங்கத்தில் நான் கவிழ்த்த நாற்காலி எத்தனை வருடப் பழசு என்று அப்போதுதான் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மழை. அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். அதை வாங்கி ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே போட்டு, மேலே வாளியை வைத்தார். தரையில் வைத்தால் தெறிக்குமாம். "ஒம்பதாயிரத்து அறுநூறு வெள்ளி ஸ்டூல். உயரம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

மூன்று வருடமாக அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கிறது. பங்கு இப்போது பதினோரு சென். வித்துடலாம்ப்பா என்றால், "முதலாளி பாதியில ஓடுவானா?" என்கிறார். யார் வந்தாலும், "உக்காருங்க, நம்ம கம்பெனி சாமான்தான்" என்று வாளியை இறக்கிவிட்டு ஸ்டூலை நீட்டுகிறார். தீபாவளிக்கு வந்த பெரியப்பா மட்டும் நின்றுகொண்டே பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த மூன்று வருடமும் என் சம்பளத்தில் கூரைப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டேன். போன வாரம் கூரைக்காரர் அளவெடுக்க வந்தார். மாதிரிக்கு ஒரு தகடு கொண்டுவந்திருந்தார். கை சும்மா இருக்குமா? கவிழ்த்தேன். அடியில் ஒரு பெயர். தேடினேன். சின்ன கம்பெனி, பங்குச் சந்தையில் இருக்கிறது, தொழிற்சாலை தெப்ராவில்.

இந்த முறை ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். குறிப்புகளை இரண்டு தடவை படித்தாயிற்று. லாபத்தில் நிலம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. சரக்கு நகர்கிறதா என்று பார்க்க, சனிக்கிழமை தொழிற்சாலை வாசலில் நின்று லாரிகளை எண்ணப் போகிறேன். அப்பாதான் காடியில் என்னைக் கூட்டிப்போகிறார். லாரி பாரத்தோடு போகிறதா, காலியாகப் போகிறதா என்று டயரைப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "மொதல்ல கூரையப் போடு. ஒரு பெரிய மழைய அது தாங்கட்டும். அப்புறம் கம்பெனிய வாங்கு."

வரும் புதன்கிழமை கூரை ஏறுகிறது. பங்கு விலை கூடிவிடப் போகிறதே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் மழைக்காகத்தான் காத்திருக்கிறேன். ஸ்டூலையும் வாளியையும் அம்மா இன்னும் எடுக்கவில்லை.